இருட்டில் நின்ற எழுவாய்

"உடைஞ்சிடுச்சு" என்றான் தம்பி.

மேசையின்மேல் மானிட்டர் மல்லாந்து கிடந்தது. திரையின் நடுவில் ஒரு கைமுட்டி அளவுக்குக் குழி விழுந்து, அதிலிருந்து விரிசல்கள் நாலாபுறமும் ஓடியிருந்தன. தம்பியின் வலக்கை முட்டிகள் நான்கும் கிழிந்து, இரத்தம் விசைப்பலகையின்மீது சொட்டிக்கொண்டிருந்தது.

"தானாவே உடைஞ்சுதா?" என்று கேட்டாள் அக்காள்.

"கை பட்டுடுச்சு."

அக்காள் அவன் கன்னத்தில் அறைந்தாள். அவன் நிமிர்வதற்குள் மறு கன்னத்திலும் ஒன்று விழுந்தது. இருபது வயதுத் தம்பியை இருபத்தெட்டு வயது அக்காள் அறைவது அந்த வீட்டுக்குப் புதிதன்று. ஆனால், மூன்று மாதங்களாக அறைகள் சற்று வலுத்திருந்தன.

"சரி, உடைச்சேன். நான்தான் உடைச்சேன். போதுமா?"

"இதை முதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு அறை மிச்சமாயிருக்கும். கையைக் காட்டு."

அவள் பஞ்சை வைத்துக் கட்டும்போது அவன் காரணத்தைச் சொன்னான். "கேம்ல இருட்டு மூலையில ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான்க்கா. மத்தவங்க ஸ்க்ரீன்ல எல்லாம் பளிச்சுன்னு தெரியறான். நம்ம டப்பால மட்டும் ஒரே கறுப்பு. பின்மண்டையில சுட்டுட்டான். என்னால மொத்த டீமும் வெளிய போயிடுச்சு."

"அதுக்கு என் பிழைப்பு மேல குத்துவியா? நாளைக்கு நான் எதுல எடிட் பண்றது, உன் மூஞ்சிலயா?"

"என் மூஞ்சில கலர் சரியா வராதுக்கா. இப்பவே சிவப்பு தூக்கலா இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் துணியை இன்னும் இறுக்கிக் கட்டினாள், அவன் அலறினான்.

அவ்வறையில் ஒரு மேசைக்குத்தான் இடம். ஒரு மேசையில் ஒரு மானிட்டருக்குத்தான் இடம். பகலில் அக்காள் அதில் நிறுவனங்களுக்கு விளம்பரப் படங்களைத் தொகுப்பாள். மாலையில் தம்பி அதே நாற்காலியில் அமர்ந்து ஆட்களைச் சுட்டுத் தள்ளுவான். அவளுக்கு நிறம் பிசகக் கூடாது. அவனுக்குப் படம் ஒரு கணமும் பிந்தக் கூடாது. இரண்டுக்கும் ஒரே பெட்டி வேண்டும்.

"நான் வாங்கித் தர்றேன்" என்றார் சித்தப்பா. அவர் சொல்லாமலிருந்தால்தான் வியப்பு. மூன்று மாதங்களாக அந்த வீட்டில் எது தேவைப்பட்டாலும் அவரே முந்திக்கொண்டு வந்தார்.

அடுத்த அறையில் அப்பா படுத்திருந்தார். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தவர். அதே தொழிற்சாலைக்கு அவருடைய உடன்பிறந்த தம்பியாகிய சித்தப்பா மேலாளர். மூன்று மாதங்களுக்கு முன் ஒரு நண்பகலில், கிடங்கின் படியடியில், மண்டை பிளந்த நிலையில் அப்பாவைக் கண்டெடுத்தார்கள். "படியில விழுந்து அடிபட்டுடுச்சு" என்று சித்தப்பா தொலைபேசியில் சொன்னார். அம்மாவும் அதையே சொன்னாள்; உறவினரும் சொன்னார்கள்; மருத்துவமனைச் சீட்டிலும் அதுவே ஏறியது. அடிபட்டது என்பது எவ்வளவு வசதியான சொல்! பட்டவன் அதில் உண்டு; பட்ட இடமும் உண்டு. அடித்தவனுக்கு மட்டும் அதில் இடமே இல்லை. எழுவாய் எங்கே என்று கேட்பதற்கு அத்தனை படித்தவர்களுள் ஒருவருக்கும் வாய் எழவில்லை.

அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது, வலப்பக்கம் அசையவில்லை. எல்லாரிடமும் குழந்தையைப்போல் இருப்பார். சித்தப்பாவைக் கண்டால்மட்டும் கையில் அகப்பட்டதை வீசுவார். சென்ற வாரம் வீசிய எவர்சில்வர் டம்ளர் சித்தப்பாவின் புருவத்தைப் பிளந்து, மூன்று தையல் போடும்படி ஆயிற்று. ஒருமுறை அவருடைய மணிக்கட்டைக் கடித்துப் பிடித்துக்கொண்டார்; இருவர் சேர்ந்து தாடையைப் பிரிக்க வேண்டியிருந்தது. "விடுங்க, என் அண்ணன் கையால அடி வாங்கறது எனக்குப் புதுசா?" என்று சித்தப்பா இரத்தத்தைத் துடைத்தபடி சிரித்தார். "மூளையில அடிபட்டதுலேர்ந்து அவருக்கு ஆள் தெரியலை" என்று எல்லாரும் வருந்தினார்கள்.

மறுநாள் சித்தப்பா அவர்களை அழைத்துச் சென்ற கடையில் சுவர் முழுவதும் திரைகள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே விளையாட்டு ஓடியது. ஒரே சிப்பாயின் தலை இருபது திரைகளில் ஒரே நேரத்தில் சிதறியது. அவன் உடனே எழுந்து, மறுபடியும் சிதறினான்.

"என்ன வேலைக்கும்மா?" என்றார் கடைக்காரர்.

"எடிட்டிங்."

"கேம்" என்றான் தம்பி.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணா? அப்ப மானிட்டரைவிடத் தலைவலி மாத்திரை நிறைய வாங்குங்க."

சித்தப்பா வாய்விட்டுச் சிரித்தார். "நல்லதா எடுங்க. பிள்ளைங்க ஆசைப்படறதை வாங்கிக் குடுத்திடலாம்."

அக்காள் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தாள். கடையின் படங்கள் எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும்; ஆகவே, தான் எடுத்த படத்தைப் போட்டுப் பார்ப்பாள். அதற்காகவே பதினோரு விநாடிக் காட்சி ஒன்றைத் திருத்தாமல் அப்படியே கொண்டுவந்திருந்தாள்: நண்பகல் வெயிலில் வெண்ணிற லாரி, தொழிலாளரின் சிவப்புச் சீருடை, இடப்பக்கம் திறந்து கிடக்கும் கிடங்குக் கதவு, அதற்குள் மைபோன்ற இருட்டு. வெளிச்சமும் நிறமும் இருளும் ஒரே காட்சியில் அமைவது அரிது. சித்தப்பாவின் தொழிற்சாலைக்காக அவள் விளம்பரப் படம் பிடித்த நாளில் எடுத்தது அது. அன்றைக்குத்தான் அப்பா கண்டெடுக்கப்பட்டார். "அந்தக் கதவுப் பக்கம் நல்லாயில்லம்மா, வெட்டிடு" என்று சித்தப்பா பின்னர் சொன்னதால் படத்தில் அதை வெட்டிவிட்டாள். ஆனால், எடுத்த மூலத்தை அவள் ஒருபோதும் அழிப்பதில்லை.

முதல் மானிட்டரில் நிறம் அச்சுப் பிசகாமல் இருந்தது. தம்பி விளையாட்டைப் போட்டு நான்கு அடி ஓடிப் பார்த்தான். "இது நடக்குதுக்கா, ஓடலை." இரண்டாவது பறந்தது. ஆனால், அதில் லாரி ஓட்டுநரின் முகம் மஞ்சள் காமாலை கண்டதுபோல் இருந்தது. "இதை வாங்கினா நான் எடிட்டர் இல்ல, டாக்டர்" என்றாள் அக்காள்.

"அப்ப இதுதான்" என்று கடைக்காரர் மூன்றாவதைத் திருப்பினார். "கலரும் சரி, வேகமும் சரி. நொடிக்கு நூத்தி அறுபத்தஞ்சு தடவை படம் மாறும்."

லாரி வெள்ளையாக இருந்தது. சிவப்பு சிவப்பாகவே இருந்தது. அக்காள் தலையசைத்தாள். அப்போது சித்தப்பா வேறொரு வரிசையில் செல்பேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

"இருட்டுல ஒளிஞ்சிருக்கறவன் தெரிவானா?" என்று தம்பி கேட்டான்.

"அதுக்குன்னே பட்டன் இருக்கு தம்பி. வெளிச்சம் அப்படியே இருக்கும், இருட்டுமட்டும் வெளுக்கும். அமுக்கிப் பாருங்க."

தம்பி அமுக்கினான். ஓடிக்கொண்டிருந்தது அக்காளின் காட்சி. லாரி மாறவில்லை. கதவுக்குள்ளிருந்த மைமட்டும் சாம்பலாயிற்று. சாம்பலிலிருந்து படிகள் தெரிந்தன. படிகளில் ஒருவர் முதுகைக் காட்டி நின்றார்.

"அப்பா சட்டை" என்றான் தம்பி.

அவருக்குப் பின்னால் இன்னோர் ஆள் வந்தான். அவன் கையில் சரக்குத் தள்ளுவண்டியின் இரும்புக் கைப்பிடி இருந்தது. இடக்கையால் ஓங்கினான். முதல் அடியில் அப்பா முழங்காலிட்டார். இரண்டாம் அடிக்குத் தலையை மறைக்கக் கை உயர்ந்தது. மூன்றாம் அடிக்கு அது உயரவில்லை. லாரியின் இரைச்சலைத் தவிர வேறு ஓசை எதுவும் பதிவாகவில்லை. சிவப்புச் சீருடைக்காரர்கள் பத்தடி தள்ளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அடித்தவன் குனிந்து, அப்பாவின் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை உருவினான். பிறகு வெளியே திரும்பி, நேராகக் கேமராவைப் பார்த்தான்.

சித்தப்பாவின் முகம்.

அந்தத் தாள் எதுவென்று இருவருக்கும் தெரியும். அதற்குச் சில நாள் முன்பு, தொழிற்சாலையின் வெட்டும் இயந்திரத்தில் ஒரு பெண்ணுக்கு மூன்று விரல்கள் போயின. வேலை வேகமாக நடக்கட்டும் என்று அதன் காப்புத் தகட்டைக் கழற்றச் சொன்னவர் சித்தப்பா. அதைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதப்போவதாக, அடிபடுவதற்கு முன் இரண்டு நாள் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

காட்சி முடிந்து மறுபடியும் தொடங்கியது.

"என்னம்மா, முடிவாயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே சித்தப்பா வந்தார். திரையில் இரண்டாம் அடி விழுந்துகொண்டிருந்தது.

அவர் திரையைக் கண்டதும் பாய்ந்து வந்தார். பென்டிரைவைப் பிடுங்கித் தரையில் போட்டு, குதிகாலால் மிதித்தார். அக்காள் அதை எடுக்கக் குனிந்தாள். அவளுடைய விரல்களின்மேல் பூட்ஸ் இறங்கியது. எலும்பு நொறுங்கிய ஓசை கடைக்காரருக்கும் கேட்டது. அவள் அலறினாள். சித்தப்பா காலைத் திருப்பி, இன்னும் அழுத்தினார். கையால் மானிட்டரைத் தள்ளினார். அது விளிம்பில் மோதித் தரையில் பிளந்தது.

தம்பி பக்கத்து மேசையிலிருந்த மானிட்டர் ஸ்டாண்டை, கனத்த இரும்புத் தாங்கியை, எடுத்தான். முதல் அடி தோளில் விழுந்தது. சித்தப்பாவின் கால் அக்காளின் கையைவிட்டு நழுவியது. இரண்டாவது தாடையில் விழுந்தது. பல் இரண்டு தெறித்துத் திரைகளின் கீழே உருண்டன. அவர் அலமாரியில் மோதிச் சரிந்தார். புருவத்துத் தையல் பிரிந்து கண்ணெல்லாம் இரத்தம். சுவரில் சிப்பாயின் தலை சிதறிக்கொண்டே இருந்தது. தம்பி தாங்கியைத் தலைக்குமேல் உயர்த்தினான்.

"டேய்!" என்று கத்தினாள் அக்காள். "அவரும் இப்படித்தான் மூணாவது அடிச்சாரு!"

தாங்கி காற்றில் நின்றது. தம்பியின் கைக்கட்டு அவிழ்ந்து தொங்கியது. பிறகு, அவன் அதை மெல்லக் கீழே வைத்தான்.

சத்தம் கேட்டு யாரோ தகவல் சொல்ல, காவல் அதிகாரி மூன்று காவலர்களோடு வந்தார். அவர் வந்ததும் கடைக்காரர் முந்திக்கொண்டார். "அலமாரி சாஞ்சிடுச்சு சார். பெரியவருக்கு அடிபட்டுடுச்சு. அந்தப் பொண்ணுக்கும் கையில அடிபட்டுடுச்சு." கடைக்கு வழக்கு வந்துவிடுமே என்பது அவர் அச்சம்.

"ஆமா" என்றார் சித்தப்பா, உடைந்த வாயால். "அலமாரிதான்." அதிகாரி தாளில் குனிந்தபோது, அவர் அக்காளின் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தார்: "உன் தம்பி பேரு வேண்டாம். எங்கண்ணன் பேச்சும் வேண்டாம். ரெண்டும் அடிபட்டதாவே இருக்கட்டும். அந்தப் படம்தான் போயிடுச்சே."

"கேமராவோட ஒரிஜினல் கார்டு எங்கிட்டதான் இருக்கு" என்றாள் அக்காள்.

"அப்ப அதை வெளிய எடு. உன் தம்பியும் உள்ள போவான். யோசிச்சுக்க."

அவள் யோசித்தாள். அதிகாரியின் பேனாவில் ‘அடிபட்டது’ என்ற சொல் உருவாகிக்கொண்டிருந்தது. அதை எழுதவிட்டால் தம்பி வீட்டுக்கு வருவான். அப்பா அடுத்த அறையில் கிடந்து, ஆள் தெரியாதவர் என்ற பெயரோடு சாவார். அவள் தம்பியைப் பார்த்தாள்.

"அலமாரி சாயலை சார்" என்றான் தம்பி. "நான் அடிச்சேன். இதோ, இந்த ஸ்டாண்டால, ரெண்டு தடவை. மூணாவது அடிக்கப் போனேன், அக்கா நிறுத்திட்டா." பிறகு, அக்காளைப் பார்த்தான். "அறை வாங்காமலே சொல்லிட்டேன் பாரு. இப்ப நீ சொல்லு."

அதிகாரி பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எங்கப்பாவுக்கு அடிபடலை சார்" என்றாள் அக்காள். "இவர் அடிச்சார். இரும்புக் கைப்பிடியால, மூணு தடவை. நான் எடுத்த படத்துல இருக்கு."

"சார், அவ எடிட் பண்றவ!" என்று சித்தப்பா இரத்தத்தைத் துப்பிவிட்டுக் கத்தினார். "எதை வேணும்னாலும் வெட்டி ஒட்டுவா!"

"அதனாலதான் நான் அதைத் தொடவேயில்லை. எடுத்தது எடுத்தபடி இருக்கு. மானிட்டர்லதான் ஒரு பட்டனை அமுக்கினோம். கடைக்காரரும் பார்த்தார்."

அதிகாரி கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் உடைந்த மானிட்டரையும் நசுங்கிய விரல்களையும் பார்த்தார். பிறகு, "பார்த்தேன் சார்" என்றார். அவர் குரல் தரையிலேயே கிடந்தது.

"ஸ்டேஷன்ல போட்டுக் காட்டுவியாம்மா?"

"உங்க ஸ்க்ரீன்ல கறுப்புமட்டும்தான் சார் தெரியும்." அவள் இடக்கையால் வலக்கையைத் தாங்கிக்கொண்டு கடைக்காரரிடம் திரும்பினாள். "இதே மானிட்டர் பிரிக்காத பெட்டியில இன்னொண்ணு இருக்கா?"

"இருக்கும்மா."

"எடுங்க. எங்களுக்கு இதுதான்."

அதிகாரி எழுதியதை அடித்துவிட்டு, புதிய வரியில் முதலில் சித்தப்பாவின் பெயரை எழுதினார். சித்தப்பாவை இரண்டு காவலர்கள் தூக்கி நிறுத்தினார்கள். மூன்றாமவர் தம்பியின் தோளில் கைவைத்தபோது அவன், "ஒரு நிமிஷம் சார்" என்று பெட்டியின் ஒரு முனையைப் பற்றினான். நல்ல கையால் மறுமுனையை அக்காள் பற்றினாள். வெயிலில் நின்ற காவல் வண்டிவரை இருவருமாக அதைத் தூக்கிச் சென்றார்கள்.