மூங்கில் இலைக்குப் பின்னால் ஒரு முகம்

மலையகத்தில், டயகமவுக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஓர் ஓடை. அதன் கரையிலிருந்த மூங்கில் புதருக்குள் பிரேமினி குந்தியிருந்தாள். தை பிறந்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் அவள் வந்து போகிற இடம். மற்ற நாட்களில் ஹட்டனில் மஃறூப் நானாவின் ஸ்டூடியோவில் கல்யாணப் படங்களைத் திருத்தி ஆல்பம் செய்வாள். கடையில் சும்மா கிடந்த பழைய கேமராவையும் நீள லென்ஸையும் ஞாயிறுகளில் நானா அவளை நம்பிக் கொடுத்தனுப்புவார்.

அவள் தேடிய வண்ணத்துப்பூச்சிக்கு மினுமினுப்பு எதுவும் கிடையாது. தவிட்டு நிறம். சிறகை மூடி உட்கார்ந்தால் அடிப்பக்கத்தில் கண் கண்ணாக வட்டங்கள் தெரியும், அவ்வளவுதான். ஆனால் இலங்கையின் உயரக் காடுகளைத் தவிர வேறெங்கும் அது இல்லை. மூங்கில் நிழலை விட்டு வெளியே வரவும் வராது. கொழும்பில் வண்ணத்துப்பூச்சிப் புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்த ஒரு குழுவுக்கு, இந்தப் பக்கத்துக் காட்டில் எடுத்த தெளிவான படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எடுத்துத் தருகிறேன் என்று இவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

அன்றைக்கு அது வந்தது. எங்கிருந்தோ சருகு விழுவதுபோல் வந்து, கைக்கெட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால் ஓர் இலையில் உட்கார்ந்தது. பிரேமினி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவைத் தூக்கினாள்.

"தார்ப்பாய நல்லா இழுத்துக் கட்டுடா. ஒரு கட்டகூட வெளிய தெரியக்கூடாது."

ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது அந்தக் குரல். அவள் விரல் நின்றுவிட்டது. தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கு சோலைமலையின் குரல் அது. எத்தனை பேர் நடுவில் கேட்டாலும் அவளுக்குத் தெரியும்.

அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். புயலில் ஒடிந்து விழுந்த மரக்கிளை ஒன்றை அவள் அப்பா சின்னத்தம்பி அடுப்பெரிக்க இந்தக் காட்டிலிருந்து சுமந்து வந்தார். சோலைமலை பிடித்துவிட்டான். பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க வந்த அத்தனை பேர் முன்னாலும், அந்தக் கட்டையைத் தலையில் வைத்து நிற்கச் சொன்னான். பிறகு தன் போனை எடுத்து ஒரு படம் பிடித்தான். 'காட்டுத் திருடன்' என்று எழுதி எல்லாருக்கும் அனுப்பினான். ராகலையில் இருந்த சொந்தக்காரர்கள்கூடப் பார்த்துவிட்டுப் போன் பண்ணினார்கள். அப்பாவின் வேலை போனது. அதன் பிறகு அவர் பெரட்டுக் களத்துப் பக்கம் தலைகாட்டவில்லை. கடைக்குப் போவதென்றாலும் சுற்றுவழியில்தான் போவார்.

மூங்கில் இலைகளின் இடுக்கில் பிரேமினி பார்த்தாள். காட்டு மரங்களை அறுத்து அடுக்கிய டிரக்டர் பெட்டி. அதன்மேல் கைவைத்தபடி சோலைமலை. அவனுக்கும் அவளுக்கும் நடுவில் அந்த இலை, இலையில் பூச்சி.

பழைய லென்ஸ் அது. பக்கத்தில் இருப்பதிலிருந்து தூரத்தில் இருப்பதற்குப் போக முனகி முனகி நேரம் எடுக்கும். அவன் முகம் முழுதாகத் தெரிய வேண்டுமென்றால் கிளையை விலக்கவும் வேண்டும். தார்ப்பாயாலோ பெட்டியைப் பாதி மூடியாகிவிட்டது.

அவள் கிளையை விலக்கினாள். பூச்சி எழும்பியது. லென்ஸ் முனகிக்கொண்டே போய் சோலைமலையின் முகத்தில் நின்றது. அவள் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஸ்டூடியோவில் மஃறூப் நானா கம்ப்யூட்டர் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"பூச்சி எங்க புள்ள?"

"அந்தா, மூலையில." ஒரு தவிட்டுத் தீற்றல் மட்டும் அங்கே கலங்கித் தெரிந்தது.

"இத்தன நாளா இதுக்குத்தானே அலஞ்சீங்க?"

"இந்த முகத்துக்கு அதுக்கும் முன்னாலேருந்தே அலயிறேன் நானா."

படங்களைக் கொண்டுபோய் வன இலாகாவில் கொடுத்தாள். எந்த இடம், எந்தப் பாதை என்று சிங்களத்தில் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். அவர்கள் போய்த் தேடியபோது சோலைமலையின் குவாட்டர்ஸ் வீட்டுக்குப் பின்னால் அறுத்த மரத்தில் பாதி கிடந்தது. அந்தச் செய்தி வந்த பிறகுதான் பிரேமினி போனை எடுத்தாள். முகம் தெளிவாக விழுந்த படத்தைத் தோட்டத்து ஆட்கள் எல்லாருக்கும் அனுப்பினாள். அடியில் 'காட்டுத் திருடன்' என்று மட்டும் எழுதினாள். மாலைக்குள் அது ராகலைக்கும் போய்விட்டது.

சோலைமலையை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்த வாரக் கடைசியில், நல்ல மழையில், அவன் பிரேமினியின் லயத்து வீட்டுக்கு வந்தான். கூரைத் தகரத்திலிருந்து கொட்டும் தண்ணீரில் நனைந்தபடி வாசலில் நின்றான்.

"கேஸு நடக்கட்டும் தாயி, நா பாத்துக்கிறேன். அந்தப் படத்த மட்டும் அழிச்சிரும்மா. மகள பொண்ணு பாக்க வர்றதா இருந்தவங்க வரலன்னுட்டாங்க."

"எங்கப்பா படத்த நீங்க எப்பவாச்சும் அழிச்சீங்களா, கண்டாக்கையா?"

அவன் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தான்.

"அன்னிக்கு நானும் யூனிஃபோர்மோட அங்கதான் நின்னேன். அத வச்சிக்கிட்டு ஸ்கூல்ல என்னயக் கூப்பிட்ட பேரு ஒங்களுக்குத் தெரியுமா?"

"எம் மக என்னம்மா தப்பு செஞ்சா?"

"நா என்ன தப்பு செஞ்சேன்?"

உள்ளேயிருந்து சின்னத்தம்பி எழுந்து வந்தார். "மழயில நிக்காதீங்க ஐயா, உள்ள வாங்க," என்றார்.

பிரேமினி வாசல் நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி நின்றாள். அப்பா அவள் தோளைத் தொட்டார். அவள் நகரவில்லை. சோலைமலை வழுக்கும் படிகளில் தடுமாறி இறங்கிப் போனான். லயத்தின் வரிசை வீடுகளில் எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன.

"இத எனக்காகவா செஞ்ச?" என்று கேட்டார் அப்பா.

"இல்லப்பா. எனக்காக."

சோறு போட்டபோது அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டார். அது அவளுக்கு வலித்தது. ஆனாலும் அந்தப் படத்தை அவள் அழிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் மறுபடி காட்டுக்குப் போனாள். காட்டில் கிடந்த மிச்ச மரங்களை ஏற்ற வந்த இலாகா லொறி ஓடையைக் கடந்து, மூங்கில் புதர் மேலேயே ஏறித் திரும்பிப் போயிருந்தது. மூங்கில்கள் சேற்றில் நசுங்கிக் கிடந்தன. நிழல் இருந்த இடத்தில் வெயில் பளீரென்று விழுந்தது. மூடுபனி இறங்கும்வரை காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கொழும்புக்காரர்களுக்குத் தன்னால் முடியவில்லை என்று போனில் எழுதி அனுப்பினாள்.

திரும்பி இறங்குகையில் தன் மனசைத் தானே துழாவிப் பார்த்தாள். பூச்சியை நினைத்தபோது நடையை நிறுத்தி நசுங்கிய மூங்கில் பக்கம் திரும்பினாள். சோலைமலையை நினைத்துப் பார்த்தாள். வருத்தம் எதுவும் வரவில்லை.

கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தேயிலைக்கு நடுவே வேகமாக நடந்தாள்.