சும்மா இருந்த மெஷின்

அலுவலகத்தில் அவனுக்குத் தராசு என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. யார் எதைச் சொன்னாலும் "அளந்து பாத்தியா?" என்று கேட்கிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவனுக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது. வினையே அங்கேதான்.

அவனும் அவன் தங்கையின் கணவரும் சேர்ந்து எழுதியது 'நாடி'. ஒரு கம்ப்யூட்டர் இந்த நொடியில் எவ்வளவு உழைக்கிறது, மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, டிஸ்க் திணறுகிறதா என்று கைபிடித்துப் பார்த்துச் சொல்கிற லைப்ரரி, அதாவது பிறர் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்கிற நிரல்தொகுப்பு. இப்படிச் சொல்வதற்கு ஊருக்கு ஒன்று உண்டு. ஆனால் ஒன்று இந்த மெஷினில் ஓடும், அந்த மெஷினில் படுத்துக்கொள்ளும். நாடி அப்படியல்ல. புத்தம்புது சர்வரிலும் ஓடும், மருந்துக்கடையில் பில் போடுகிற ஓட்டைப் பெட்டியிலும் ஓடும். எங்கே ஓடினாலும் ஒரே கேள்விக்கு ஒரே மாதிரிதான் பதில் சொல்லும்.

ஓப்பன் சோர்ஸ் என்று ஊருக்கே எழுதி வைத்துவிட்டார்கள். 'யாரும் எடுக்கலாம், எதற்கும் பயன்படுத்தலாம், எங்களைக் கேட்க வேண்டாம்.' இந்த வாசகத்தைப் பெருந்தன்மையாகப் போட்டது தராசுதான். மாப்பிள்ளை அப்போதே லேசாக இழுத்தார்.

"எதுக்கும்னு போடணுமா மச்சான்?"

"பின்ன? வாசல்ல நின்னு ஒவ்வொருத்தனையும் எதுக்குன்னு விசாரிக்கவா மாப்ள?"

இருவரும் பழைய சிநேகிதர்கள், இப்போது அலுவலகத்தில் ஒரே மேசையில் எதிரெதிரே. கல்யாணத்துக்கு முன்பு வாடா போடாதான். கல்யாணம் முடிந்ததும் தங்கையின் கெடுபிடியால் தராசு 'நீங்க, வாங்க' என்று மாறிவிட்டான். மாப்பிள்ளை மட்டும் மாறவில்லை. "நான் மாப்பிள்ளை, எனக்கு உரிமை இருக்கு, நீன்னுதான் சொல்லுவேன்" என்று சிரிப்பார்.

அவர் வேலை செய்வதைப் பார்த்தால் வேலை செய்கிறார் என்றே தெரியாது. நாற்காலியைப் பின்னால் சாய்த்து, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். தேநீர் ஆறிப் போகும். திடீரென்று நிமிர்ந்து நாலு வரி எழுதுவார், பிறகு ஏற்கெனவே இருந்ததில் பத்து வரியை அடிப்பார். அடித்த பிறகு அந்த நிரல் முன்பு எடுத்த நேரத்தில் பாதிகூட எடுக்காது. நாடியை எல்லா வகை மெஷின்களிலும் ஓடவைத்தவர் அவர்தான். அது எங்கே ஓடினாலும் அந்த மெஷினுக்கு ஒருவன் உள்ளே இருப்பதே தெரியாத அளவுக்கு இளைக்க வைத்தவரும் அவர்தான். "எடை பாக்கறவனே தட்டுல ஏறி உக்காந்தா எப்படி?" என்பார்.

இன்னொரு கூத்தும் உண்டு. பெட்டியின் ஃபேன் சத்தத்தைக் கேட்டே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். "இது டிஸ்க்குக்காகக் காத்துக்கிட்டிருக்கு." "இது நிஜமா கணக்குப் போடுது." "இது வெறுமன சுத்துது, எவனோ லூப்பை மூட மறந்துட்டான்." தராசு நாடியை ஓடவிட்டுச் சரிபார்ப்பான். பெரும்பாலும் சரியாக இருக்கும். அதில் தராசுக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட.

இவர்களுக்கு அடுத்த வரிசையில் ஹீட்டர். அவன் எழுதும் எதுவும் மெஷினைக் கொதிக்க வைக்காமல் விடாது. பக்கத்தில் உட்காருகிறவர்கள் அவன் பெட்டியின் மேல் ஈரக் கைக்குட்டையைக் காயப்போடுவார்கள்.

எல்லாம் இப்படியே போயிருக்கும். புது மேலாளர் வந்தார். அவருக்கு மேலே இருந்து, ஆட்களைக் குறை என்று சொல்லிவிட்டிருந்தார்கள். அது யாருக்கும் தெரியாது. மேலாளர் எல்லோருடைய மெஷினிலும் நாடியைப் போடச் சொன்னார். நம் வீட்டுப் பிள்ளை, இலவசம் வேறு, யார் வேண்டாம் என்பார்கள்? தராசுக்குத் தலைகால் புரியவில்லை. தன் சொந்த அலுவலகத்திலேயே நாடி ஏறிவிட்டது என்று தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னான்.

கண்ணாடி அறையில் மேலாளர் போட்ட ஒரு கூட்டத்தில்தான் அது நடந்தது. மாப்பிள்ளை வரவில்லை. ஜன்னலோரம் ஏதோ ஒரு சிக்கலோடு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர் பொதுவாகத்தான் கேட்டார்.

"இந்த ப்ராசஸர் எவ்வளவு நேரம் சும்மா இருந்ததுன்னு ஒரு நம்பர் வருதே, அதை நம்பலாமா?"

ஹீட்டர் முந்திக்கொண்டான். "தோராயமா எடுத்துக்கலாம் சார். ஃப்ரீயா வர்றதுதானே."

தராசுக்குச் சுருக்கென்றது. "தோராயமா? எந்த மெஷின்ல வேணா வச்சுப் பாருங்க சார். நாடி சும்மா இருந்ததுன்னு சொன்னா, சும்மாதான் இருந்திருக்கும்."

"பொறுப்பேத்துக்கறீங்களா?"

"கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுவேன்."

சிலர் சிரித்தார்கள். மேலாளரும் சிரித்தார். எதற்குக் கேட்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கத் தோன்றியதா? இல்லை. அவனுக்குத் தன் அளவு சரி என்பது போதுமாக இருந்தது. இந்த அளக்கிற ஜாதிக்கே இது ஒரு வியாதி. அளவு சரியா என்று கேட்டால் உயிரைக் கொடுப்பார்கள், அளவு எதற்கு என்று கேட்க மாட்டார்கள்.

அடுத்த வாரம் மாப்பிள்ளையைக் கீழ்த்தளத்தில் இருக்கிற மனிதவளப் பிரிவுக்குக் கூப்பிட்டு, வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் திரும்பி வந்து, கோப்பையையும் மேசைக்கு அடியில் கிடந்த செருப்பையும் ஒரு துணிப்பையில் போட்டார். "என் மெஷின்தான் இருக்கறதுலயே சும்மா இருந்ததாம் மச்சான்" என்றார். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் லேசாகச் சிரித்தார். "முதல் இடம் ஹீட்டருக்கு."

அவருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. இதற்கு முன் ஒரு முறை வேலை போய், வீட்டில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம் பேச்சு வாங்கி, கடைசியில் தராசு சொல்லித்தான் இங்கே சேர்ந்திருந்தார். இந்த வயதில் இன்னொரு இடம் குதிரைக் கொம்பு. தராசுக்கு அது தெரியும். தங்கைக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

அவன் நேராக மேலாளரிடம் போனான்.

"சார், அவர் மெஷின் சும்மா இருந்தது நிஜம். ஆள் சும்மா இல்ல. அவர் எழுதறதே மெஷினைச் சும்மா இருக்க வைக்கத்தான். அதான் சார் அவர் வேலையே."

"அப்ப நம்பர் தப்பா?"

"நம்பர் சரி. நீங்க பாக்கறது தப்பு."

"ஆள் எவ்வளவு வேலை செய்யறார்னு சொல்ற நம்பர் உங்ககிட்ட இருக்கா?"

"அதுக்கு நம்பர் கிடையாது சார்."

"அப்புறம்? இருக்கறதை வச்சுத்தானே பாக்க முடியும்." மேலாளர் கெட்டவர் மாதிரியே பேசவில்லை, அதுதான் கொடுமை. தண்ணீர் பாட்டிலை மூடியபடி சொன்னார். "ஒண்ணு செய்யலாம். நாடி தப்பாக் காட்டிருச்சுன்னு நீங்க சொல்லுங்க. நீங்க எழுதினது, நீங்க சொன்னா மேல கேப்பாங்க. இந்தக் கணக்கையே தூக்கிப் போட்டுட்டு அவரைத் திரும்பக் கூப்பிடறேன். சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க."

ஒரே ஒரு பொய். அதுவும் ஊர் குடியைக் கெடுக்கிற பொய்யல்ல. தராசு தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தான். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. உலகத்தில் எந்தெந்த மூலையிலோ முகம் தெரியாதவர்கள் நாடியை நம்பி மெஷின்களை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நாடி தப்பு என்று அதை எழுதியவனே சொல்லிவிட்டான் என்றால் நாளைக்கு அவர்கள் கேட்க மாட்டார்களா? ஹீட்டர் என்ன சொல்வான்? ஃப்ரீயா வர்றதுதானே என்று மறுபடியும் இளிப்பான். உண்மையைச் சொன்னால், தராசு முகம் தெரியாதவர்களைப் பற்றி நினைத்தது கொஞ்சம், ஹீட்டரின் இளிப்பைப் பற்றி நினைத்தது நிறைய.

சாயங்காலம் மேலாளர் அவன் மேசையைக் கடந்து போகையில் நின்றார். "என்ன முடிவு பண்ணீங்க?"

"நம்பர் சரிதான் சார்" என்றான் தராசு.

அந்த வார இறுதியில் தங்கை வீட்டுக்குப் போனான். வாசலிலேயே திரும்பிவிடலாமா என்று இருந்தது. மாப்பிள்ளை மடிக்கணினியோடு தரையில் உட்கார்ந்து நாடியில் ஏதோ திருத்திக்கொண்டிருந்தார். வேலை போனதும் நாடியையும் தலைமுழுகிவிடுவார் என்று நினைத்திருந்தான். இல்லை. தராசு நடந்ததை மறைக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னான்.

"விடு மச்சான்" என்றார் அவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அளவு சரிதானே. சரியா இருக்கறதைத் தப்புன்னு எப்படிச் சொல்லுவ?"

தங்கை சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "எப்படின்னா? வாயாலதான்" என்றாள். "சின்ன வயசுல கண்ணாடிய நான் உடைச்சுட்டு முழிச்சப்ப, நான்தான் உடைச்சேன்னு அப்பாகிட்ட போய் நின்னியே அண்ணா. அப்ப அளந்து பாத்தா சொன்ன?"

அவன் கிளம்ப எழுந்தான். சாப்பிட்டுப் போ என்று தங்கை சொல்லவில்லை. அவள் அப்படிச் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

அலுவலகத்தில் விஷயம் கசிந்துவிட்டது. மெஷின் கொதித்தால் ஆள் பிழைத்தான் என்று புரிந்ததும் ஆளாளுக்கு அடுப்பு மூட்டினார்கள். ஒருத்தன் முடிந்துபோன சோதனையையே திரும்பத் திரும்ப ஓட்டினான். ஒருத்தி யாரும் கேட்காத பழைய ஃபைல்களை நாள் முழுக்கச் சுருக்கி விரித்தாள். ஏ.சி. ஈடுகொடுக்க முடியாமல் சொட்டியது. ஹீட்டரிடம் யோசனை கேட்டு வரிசையில் நின்றார்கள். அவன் பெரிய மனுஷன் ஆகிவிட்டான். மேலாளருக்கும் சந்தோஷம், எல்லாருடைய எண்ணும் ஏறியிருந்தது.

ஒருவருடையது மட்டும் ஏறவில்லை.

"உங்களுது மட்டும் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றார் மேலாளர், நல்லது சொல்கிற குரலில். "நீங்களே எழுதினது, உங்களுக்குச் சொல்லணுமா? பாத்துக்கங்க."

தராசு பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு நாள் சும்மா இருந்தான். மூன்றாம் நாள் காலை, மாப்பிள்ளையின் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து ஒரு சின்ன நிரல் எழுதினான். ஒன்றோடு ஒன்றைக் கூட்டு, கூட்டியதைத் தூக்கிப் போடு, மறுபடியும் கூட்டு. முடிவே கிடையாது. ஓடவிட்டான். பெட்டி முதலில் முனகியது, பிறகு முழு மூச்சாக இரைந்தது.

மேசைத் தொலைபேசி அடித்தது. மாப்பிள்ளை.

"மச்சான், பழைய மெஷின் ஒண்ணுல நாடி மெமரிய ரெண்டு தடவை எண்ணுதுன்னு யாரோ எழுதியிருக்கான் பாத்தியா? நான் சரி பண்ணிட்டேன். நீ ஒரு தடவ பாத்து ஏத்திடு." பேசிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "அது என்ன சத்தம்? உன் மெஷினா?"

"ஆமா மாப்ள."

அவர் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்கிறார் என்பது தராசுக்குப் புரிந்தது. ரிசீவரை உள்ளங்கையால் பொத்தத் தோன்றியது, கை வரவில்லை.

"டிஸ்க் சத்தமே இல்ல" என்றார் மாப்பிள்ளை மெதுவாக. "ஏத்த இறக்கமும் இல்ல. என்ன ஓடுது?"

"பெரிய வேலை ஒண்ணு ஓடுது" என்றான் தராசு. பொய் தொண்டையில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அவருக்காக வராத பொய்.

மறுமுனையில் மடிக்கணினியை மூடுகிற சத்தம் கேட்டது.

"அப்படியா. சரி, நீங்க வேலையப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

தராசு ரிசீவரை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தான். நாடி நூறு சதவீதம் என்று காட்டியது. அளவு சரியாகத்தான் இருந்தது.