தம்பி கொண்டுவந்த மீன்

“பெட்டி வைக்க எடம் பத்தாது. தொட்டிய நகர்த்துங்க லா,” என்றார் பக்கத்து வீட்டுப் பிச்சைமுத்து.

கலர் டிவியைத் துணி போட்டு மூடினார்கள். மீன்தொட்டி தளும்பிக்கொண்டே சுவரோரம் போனது. கார்த்திகேசுவின் சவப்பெட்டி கூடத்தின் நடுவில் இறங்கியது. நவமணி கணவனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மீன்களின் வாலைப் பார்த்தாள்.

அந்தக் கப்பி மீன்களுக்கு வந்த சீக்கு ஜெலாப்பாங் வட்டாரத்தில் மனுஷருக்குக்கூட வந்திருக்காது. வால் குச்சியாய்ச் சுருங்கும். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. எங்கேயாவது உரசி உரசியே சாகும். கார்த்திகேசு தண்ணீர் மாற்றுவார், கல்லுப்புப் போடுவார், நீல மருந்து ஊற்றுவார். மீன் தேறும். தேறியதும், மூக்கில் வியர்த்தாற்போல், ஈப்போவில் வளர்ப்புமீன் கடை வைத்திருக்கும் தம்பி ஜெயபாலன் புது ஜோடியோடு வந்து நிற்பான். அது நேரே தொட்டிக்குள் போகும். மறுபடி சீக்கு. மருந்தும் அவன் கடையிலேதான்.

“புது மீன கொஞ்ச நாளு வாளில தனியா வைங்க,” என்று தலையில் அடித்துக்கொள்வாள் நவமணி.

“தம்பி கையால குடுத்தத தள்ளி வைக்கிறதா? அப்புறம் அவன் மொகத்துல எப்படி முழிக்கிறது?”

தம்பி முகம் வாடாமல் இருக்க எத்தனை மீன் செத்தாலும் சம்மதம்! மீனுக்கு அத்தனை வைத்தியம் பார்த்த பெரிய டாக்டர், தன் நெஞ்சுவலிக்குக் கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தார். எழவில்லை.

ஜெயபாலன் தாய்லாந்து போயிருந்த இந்த ஒரு தடவைதான் எல்லா வாலும் விசிறியாய் விரிந்திருந்தது. “பாத்தியா, என் வைத்தியம் கேட்டுருச்சு,” என்றார் நேற்று. பதில் சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் குறட்டை கேட்டது.

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. மற்றவர்கள் மாலையோடு வந்தார்கள். பேரம் பேசாமல் மூச்சுகூட விடாத ஜெயபாலன், தாய்லாந்திலிருந்து திரும்பிய கையோடு, பிளாஸ்டிக் பையில் மீனோடு வந்தான். “அண்ணே!” என்று பெட்டிமேல் விழுந்து அழுதான், பை கசங்காதபடி ஒரு கையை மட்டும் உயரத் தூக்கிக்கொண்டு.

அழுது முடித்துத் தொட்டிப் பக்கம் போனான்.

“அண்ணன் கேட்ட செவப்பு வாலு அண்ணி. ஆசைப்பட்டாரு, பாவம். இப்பவே விட்டுடலாம்.” ரப்பர் வளையத்தை அவிழ்த்தான்.

நவமணி பெட்டியின் தலைமாட்டிலிருந்து எழுந்தாள்.

“கொண்டா இங்க.”

பையைப் பிடுங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய், வாளியில் கவிழ்த்தாள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“ஏண்டி, எழவு வீட்டுல கொழுந்தனுக்குச் செய்ற மரியாதையா இது?” என்றாள் செல்லாயி அக்கா.

ஜெயபாலன் பின்னாலேயே வந்தான். “ஏன் அண்ணி, எங்க கடை மீனுக்குத் தீட்டா?”

அவள் வாளிக்குமேல் குனிந்தாள். ஒரு சிவப்பு வால் தீக்குச்சிபோல் மூடிக் கிடந்தது. அந்த மீன் வாளியின் சுவரில் உரசியது. திரும்பி வந்து மறுபடி உரசியது. முதுகில் வெள்ளை வெள்ளையாய்ப் பொட்டு.

நவமணி கூடத்துப் பெட்டியைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

“பாத்தீங்களா? சொன்னேனா இல்லியா?”

கூடத்திலிருந்து ஊதுபத்திப் புகை மட்டும் வந்தது.

“என்னையா கேட்டீங்க அண்ணி?” என்றான் ஜெயபாலன்.

“ஒன்ன இல்ல.”

உள்ளே வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். அவள் அடுப்படிக்குப் போய் ஒரு கை கல்லுப்பு அள்ளிவந்து வாளியில் போட்டாள். மறுபடி கூப்பிட்டார்கள். உப்பு கரையும்வரை விரலால் மெல்லக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.