நஸீமின் மயோனைஸ்

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் தூக்கத்தில் நஸீம் வெறுங்காலோடு நடப்பார். பாதத்தின் கீழே வெள்ளையாக, குளிர்ச்சியாக ஏதோ அமுங்கும். கடற்கரை மணல் என்று குனிந்து தொட்டால் மயோனைஸ். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மயோனைஸ். வலி என்ற சொல்லே அந்த ஊரில் கிடையாது.

விழித்தால் கல்முனை. வலது கால் பெருவிரல் சிவந்து வீங்கி, மின்விசிறிக் காற்றுப் பட்டாலே உயிர் போகும்.

யூரிக் அசிட் என்று தெரிந்ததிலிருந்து இறைச்சி, மீன், இறால் எதுவும் அவர் பீங்கானுக்கு வரவில்லை. வெறும் மரக்கறி தொண்டையில் இறங்கவில்லை. மனைவி ஹிமாயா இரக்கப்பட்டு, முட்டையும் எண்ணெயும் அடித்து மயோனைஸ் செய்து கொடுத்தாள். முதல் கரண்டியிலேயே அவர் கண்ணை மூடிவிட்டார். அதன் பிறகு சோற்றுக்கும் அதுதான், புட்டுக்கும் அதுதான்.

வெள்ளிக்கிழமை மகள் இன்ஷிராவுக்கு நிக்காஹ். வாசலில் நின்று மாப்பிள்ளையைக் கைபிடித்து அழைத்துவர வேண்டியவர் நஸீம். கதிரையில் இருந்தபடி வரவேற்க அவருக்கு மனமில்லை.

இறைச்சி, மீனை விட்டும் விரல் வீக்கம் வடியவில்லை. எல்லாம் மயோனைஸால் வந்த வினை என்று ஹிமாயா போத்தலை ஒளித்துவிட்டாள். அந்த வழக்கோடுதான் இருவரும் ஆட்டோ ஏறி டொக்டர் யதுசாவிடம் போனார்கள்.

அளவோடு தின்றால் மயோனைஸ் விரலை வீங்கவைக்காது, வயிற்றைத்தான் வளர்க்கும் என்றார் டொக்டர். நஸீம் மனைவியை வெற்றியோடு பார்த்தார். வேறு என்ன சேர்ப்பீர்கள் என்று டொக்டர் கேட்டார். உப்பு, தேசிக்காய், பச்சமிளகாய், ருசிக்குக் கை நிறைய மாசித்தூள் என்றாள் ஹிமாயா.

"மாசியா? மீன் கூடாதென்று சொன்னேனே."

"மாசி மீனில்லையே டொக்டர். அது சரக்குச் சாமான்தானே?"

"கடலுக்குள்ள அது என்னவா நீந்தினது?"

அவித்துக் கருவாடாக்கிக் கட்டையாகிப்போன சூரைமீன்தான் மாசி. ஆனால் மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் டின்னுக்குள் இருப்பதை யார் மீன் என்று நினைப்பார்கள்? நஸீமும் நினைத்ததில்லை.

திரும்பும் வழியில் ஹிமாயா வெளியே பார்த்தபடி வந்தாள்.

"உங்கட வாய் செத்துக் கிடக்கே என்றுதான் போட்டன்."

"ருசியாத்தான் இரிந்திச்சி, புள்ள," என்றார் நஸீம்.

வெள்ளிக்கிழமை. மாத்திரையில் வீக்கம் வடிந்திருந்தது, வலி போகவில்லை. மெத்தென்ற செருப்போடு நஸீம் வாசலில் நின்றார். அத்தர் வாசத்தோடு மாப்பிள்ளை முர்ஷித் வந்து கை நீட்டினான். பிடித்து ஓரடி வைத்ததும் நஸீமின் பாரமெல்லாம் அந்தக் கைக்கு இறங்கியது. முர்ஷித் கையை இறுக்கிக்கொண்டு, நடையைச் சுருக்கினான்.  மாமனார் மருமகனை எவ்வளவு பக்குவமாக அழைத்து வருகிறார் என்று யாரோ மெச்சினார்கள்.