எல்லாருக்கும் ஆகிற சைக்கிள்

தையல் கடையின் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவள் கூடத்தில் முதலில் பார்த்தது ஒரு சிவப்பு ரிப்பனை. ரிப்பனைக் கட்டியிருந்தது ஒரு சைக்கிளின் கைப்பிடியில். சைக்கிளுக்குப் பின்னால் அவள் கணவரும் அவருடைய தம்பியும் பல்லெல்லாம் தெரிய நின்றார்கள்.

"எப்படி அண்ணி, சர்ப்ரைஸ்!" என்றான் கொழுந்தன்.

சர்ப்ரைஸ்தான், அதில் சந்தேகமே இல்லை. இருபத்திரண்டு வருடமாக ஊராருடைய இடுப்பையும் தோளையும் அளந்தே சாப்பிடுகிறவள் அவள். தெருவில் நடந்து போகிறவனைப் பார்த்தே அவன் பேன்ட்டின் இடுப்பளவைச் சொல்லிவிடுவாள், அரை இஞ்ச் கூடத் தப்பாது. அந்தக் கண்ணுக்கு இந்த வண்டி வேறு வண்டி என்று தெரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இது நான் சொல்லி வச்ச வண்டி இல்லையே."

"அதே வண்டிதான்மா. அதே கம்பெனி, அதே நீலக் கலர். சைஸ் மட்டும்தான் ஐம்பத்திநாலு."

"நான் சொன்னது ஐம்பது."

"ஐம்பதுன்னா உன்னால மட்டும்தான் ஓட்ட முடியுமாம், கடைக்காரர் சொன்னார். ஐம்பத்திநாலுன்னா வீட்டுல எல்லாருக்கும் ஆகும். நான் ஓட்டலாம், தம்பி ஓட்டலாம், நாளைக்கு அவன் பையன் வளர்ந்தா அவனும் ஓட்டலாம். உனக்குச் சீட்டைக் கொஞ்சம் இறக்கிக்கிட்டா முடிஞ்சு போச்சு." கணவர் இதைச் சொன்ன தோரணையைப் பார்க்க வேண்டும், உலகத்துக்கே ஒரு நன்மை செய்துவிட்டு வந்தவர் போல இருந்தார்.

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. வெடித்து என்ன பயன்? அந்த முகத்தை அவர்கள் இருவரும் பார்க்கவே இல்லை. கொழுந்தன் ஏற்கெனவே சீட்டில் ஏறி உட்கார்ந்து, கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தான்.

அவள் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்ததே தைத்த துணிகளை வாடிக்கையாளர் வீடுகளில் கொண்டுபோய்க் கொடுக்கத்தான். முன்னால் கூடை வைத்த இரும்பு வண்டி, எடையில் ஒரு சின்ன பீரோவுக்குக் குறைவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைசித் துணியைக் கொடுத்த பிறகு, திரும்ப வேண்டிய இடத்தில் அவள் திரும்பவில்லை. ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அன்றைக்கு முப்பது கிலோமீட்டர். அடுத்த மாதம் ஐம்பது. இரண்டு வருடம் கழித்து அந்தப் பீரோவிலேயே நூறு கிலோமீட்டர் போய் வந்தாள். அதற்குப் பிறகுதான் இருநூறு கிலோமீட்டர் சவாரி ஒன்றுக்குப் பெயர் கொடுத்தாள். பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், கூடை வண்டி உதவாது. இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

அதற்காகத்தான் தன் சொந்தப் பணத்தைச் சேர்த்துச் சைக்கிள் கடைக்குப் போனாள். அந்தக் கடைக்காரரை அவளுக்குப் பிடித்துப் போனதற்கு ஒரே காரணம், அவர் எதையும் விற்பதற்கு முன்னால் டேப்பை எடுத்தார். செருப்பைக் கழற்றச் சொல்லி, சுவரோடு நிற்க வைத்து, காலின் உள்நீளத்தை அளந்தார். தோளிலிருந்து உள்ளங்கை வரை அளந்தார். எழுதிக்கொண்டு மறுபடியும் ஒரு தடவை அளந்தார். தன் கடைக்கு வெளியே இரண்டு தடவை அளக்கிற ஆளை அவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

"உங்களுக்கு வேகம் முக்கியமா, தூரம் முக்கியமா?" என்று கேட்டார்.

"தூரம். கை மரத்துப் போகக் கூடாது. என் பொழைப்பே விரல்லதான் இருக்கு."

அப்படியானால் ரேஸ் வண்டி வேண்டாம், நெடுந்தூரத்துக்கென்றே செய்த எண்டூரன்ஸ் வண்டிதான் சரி என்றார் அவர். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுதான், அதே வளைந்த கைப்பிடிதான். ஆனால் இதில் கைப்பிடி கொஞ்சம் உயரமாகவும் நமக்குக் கிட்டவும் இருக்கும். முதுகை வில்லாக வளைக்க வேண்டாம், உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்காது. டயரும் சற்று அகலம், மேடு பள்ளத்தின் அதிர்வு கைக்கு வராது. மூன்று வண்டிகளை ஓட்டிப் பார்த்தாள். முதல் வண்டி கழுத்தை இழுத்தது. இரண்டாவதில் பிரேக் எட்டவில்லை. மூன்றாவது வண்டி, சட்டம் ஐம்பது சென்டிமீட்டர் அளவு, ஏறி உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. கையை நீட்டினாள், கைப்பிடி அங்கே இருந்தது. முழுப் பணத்தையும் கட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நல்ல டயர் மாட்டி வைக்கச் சொல்லிவிட்டு வந்தாள். செய்த ஒரே தவறு, அந்தச் சந்தோஷத்தை வீட்டில் வந்து சொன்னது.

"சீட்டை இறக்கலாங்க," என்றாள் இப்போது, பல்லைக் கடித்துக்கொண்டு. "நீளத்தை என்ன பண்றது? பேன்ட் நீளமா இருந்தா மடிச்சுத் தைக்கலாம். தோள் பெரிசா இருக்கிற கோட்டை என்ன பண்ணாலும் அது இரவல் கோட்டு மாதிரிதான் தொங்கும்."

"அண்ணி, ஓட்ட ஓட்டப் பழகிடும்," என்றான் கொழுந்தன். சைக்கிளைப் பற்றி மூன்று வீடியோ பார்த்தவன், அதனால் வீட்டில் அவன்தான் நிபுணர். "பெரிய வண்டின்னா ஸ்பீடும் ஜாஸ்தி. ஞாயித்துக்கிழமை மட்டும் எனக்குக் கொடுத்துடுங்க."

"எடுத்துக்கோடா, இதுல என்ன இருக்கு," என்றார் கணவர். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

இது இன்றைக்கு நேற்றுத் தொடங்கியதில்லை. அந்த வீட்டில் அவளுக்கென்று வாங்கிய மழைக்கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கும், அவசரத்துக்கு அவரும் போட்டுக்கொள்ள வேண்டுமே. துணி வெட்டுகிற கத்திரிக்கோலை எடுத்து அட்டைப்பெட்டி வெட்டுவார். அவள் கத்தினால், "கத்திரின்னா வெட்டத்தானே?" என்பார். அட்டை வெட்டிய கத்திரி அதற்குப் பிறகு துணியை வெட்டாது, மெல்லும். இருபது வருடத்தில் இதை இருநூறு தடவை சொல்லியிருப்பாள். செவிடன் காதில் ஊதிய சங்கு.

ஆனாலும் நியாயஸ்தி என்று ஒரு பட்டம் இருக்கிறதே, அதை விட மனமில்லை. ஓட்டிப் பார்க்காமல் பேசக் கூடாது என்று கொழுந்தனிடம் வண்டியைக் கொடுக்காமல் ஞாயிற்றுக்கிழமை தானே எடுத்துக்கொண்டு போனாள். சீட்டைக் கடைசி வரை இறக்கி, முன்பக்கமாகவும் தள்ளி வைத்துக்கொண்டாள். பத்துக் கிலோமீட்டரில் தோள் வலித்தது. இருபதில் உள்ளங்கை எரிந்தது. கைப்பிடியை எட்டிப் பிடித்துக்கொண்டு, பரணில் இருக்கிற டப்பாவை எடுக்கிறவள் மாதிரியே வழியெல்லாம் போனாள். நாற்பதாவது கிலோமீட்டரில் இடது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் இருக்கிற இடமே தெரியவில்லை. வழி நெடுக அவள் திட்டிய திட்டை எதிர்க்காற்று மட்டும்தான் கேட்டது.

திங்கட்கிழமை காலையிலும் விரலுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. மேஜையில் ஒரு டாக்டரின் வெள்ளைக் கோட்டு இருந்தது, கீழ் விளிம்பைக் கையால் தைக்க வேண்டும். கைத்தையலில் மேலே ஊசி பிடிக்கிற கையைவிடக் கீழே துணியைத் தாங்குகிற கைக்குத்தான் வேலை அதிகம். ஊசி முனை துணியைத் தாண்டி வந்துவிட்டதா என்று சொல்வது கீழே இருக்கிற விரல்தான். அன்றைக்கு அந்த விரல் எதுவும் சொல்லவில்லை. வெள்ளைத் துணியில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. அது என்னவென்று அவள் யோசிப்பதற்குள் பக்கத்தில் இன்னும் இரண்டு. துணியைத் திருப்பிப் பார்த்தாள். மோதிர விரலில் மூன்று இடத்தில் ஊசி ஏறியிருந்தது. ஒன்றுகூட அவளுக்கு வலிக்கவில்லை.

அப்போதுதான் பயந்தாள். கோட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அந்த விரலை மற்ற கையால் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தாள். பயம் தெளிந்ததும் அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலம் பிளாஸ்திரி போட்ட விரலைக் கணவரின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"அதான் ரொம்ப ஓட்டாதேன்னு சொல்றேன்," என்றார்.

"ஓட்டினதால இல்ல. என் அளவை மாத்தினதால. யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

அவர் கொஞ்ச நேரம் சமாளித்துப் பார்த்தார். பூசி மெழுகினார். அவள் விடவில்லை. கடைசியில் அலுத்துப் போய்ச் சொன்னார்: "உண்மையச் சொல்லட்டுமா? நீ இதை எத்தனை நாள் ஓட்டப் போற? மிஞ்சினா ஆறு மாசம். அப்புறம் முட்டி வலிக்குது, கடையில வேலை ஜாஸ்தின்னு விட்டுடுவ. அன்னிக்கு அது வீணாப் போகக் கூடாதுல்ல? யாருக்காவது ஆகணும்ல? யோசிச்சுத்தான்மா வாங்கினேன்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் வன்மம் துளியும் இல்லை. மழை வரும்போல இருக்கிறது, குடை எடுத்துக்கொள் என்று சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் அவளைச் சுட்டது. இதுவரை அவர் யோசிக்காமல் செய்துவிட்டார் என்றுதான் அவள் எரிந்துகொண்டிருந்தாள். இல்லை, உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அவள் ஓட்டப் போகிற நாளுக்காக அந்த வண்டி வாங்கப்படவில்லை. அவள் தோற்றுப்போய் நிறுத்தப் போகிற நாளுக்காக வாங்கப்பட்டது. அவள் எழுந்து உள்ளே போனாள். அவர் சண்டை முடிந்துவிட்டது என்று நினைத்து டிவியைப் போட்டார்.

மறுநாள் மத்தியானம், 'இரண்டு மணி நேரத்தில் வருவேன்' என்று எழுதி ஷட்டரில் ஒட்டிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சைக்கிள் கடைக்கு நடந்தாள். ஏறி ஓட்டினால் பத்து நிமிடம். ஏற மனமில்லை. நாற்பது நிமிட வெயிலில் ஒவ்வொரு தெருவுக்கும் கோபம் ஒரு படி ஏறியது.

"ஓட்டின வண்டியைத் திருப்பி எடுக்கறதில்லை மேடம்," என்றார் கடைக்காரர்.

"நீங்க அளவெடுத்தது யாரை?"

"உங்களை."

"ஆர்டர்ல கையெழுத்து யாரோடது?"

"உங்களோடதுதான். ஆனா சார் வந்து மாத்தச் சொன்னார். வீட்டுக்காரர்தானேன்னு…"

"என் கடைக்கு ஒருத்தர் வந்து, என் வீட்டுக்காரியோட பேன்ட்டை நாலு இஞ்ச் பெரிசாத் தைங்க, நானும் போட்டுக்கறேன்னு சொன்னா, நான் தைச்சுக் கொடுத்துடுவேனா?"

ஹெல்மெட் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் சிரித்துவிட்டார். கடைக்காரர் சிரிக்கவில்லை.

"மாட்டீங்க," என்றார் மெதுவாக.

"ரெண்டு தடவை அளந்தீங்களே! அளவு தெரியாதவர் பண்ணியிருந்தா போகுதுன்னு விட்டிருப்பேன். தெரிஞ்சும் பண்ணீங்க பாருங்க, அதுதான் எனக்கு வயிறு எரியுது." பிளாஸ்திரியைப் பிரித்து விரலைக் காட்டினாள். "ஊசி குத்தினது தெரியலைங்க எனக்கு. ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

அவர் அந்த விரலையே பார்த்தார். பிறகு உள்ளே போய், சுவரோரம் சாத்தியிருந்த ஒரு வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீலத்தில் ஐம்பது விற்றுப் போய்விட்டதாம். இது போன வருடத்து வண்டி, அதே அளவு, ஒரு மாதிரியான பாசிப் பச்சை. யாரும் எடுக்கவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். பச்சை அவளுக்கும் பிடிக்கவில்லை. ஏறி உட்கார்ந்து கடையைச் சுற்றி நான்கு தெரு போய் வந்தாள். பிரேக்கை இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுவரச் சொன்னாள், அவர் திருகி வைத்தார். மறுபடியும் நான்கு தெரு. கை அதுபாட்டுக்குக் கைப்பிடியில் கிடந்தது, கையைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நீலத்தை விட்டுவிட்டுப் பச்சையை எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கடையை முடித்துக்கொண்டு அதில் ஏறித்தான் வீட்டுக்குப் போனாள். கொழுந்தன் புதுக் கையுறை ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு கூடத்தில் காத்திருந்தான். பச்சையைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது. ஆனாலும் நிபுணர் அல்லவா, வாங்கி ஏறி உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் கைப்பிடியில் போய் இடித்தன.

"என்ன அண்ணி இது? இது யாருக்குமே ஆகாதே."

"எனக்கு ஆகும். இறங்கு."

அவன் இறங்கினான். கணவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். அவருக்கு உண்மையாகவே வருத்தம், நல்ல பொருள் கெட்டுப் போனதைப் பார்க்கிறவர் மாதிரி உச்சுக் கொட்டினார்.

"நல்லா யோசிச்சியா? நாளைக்கு நீ விட்டுட்டன்னா இதை என்ன பண்றது? மூலையில துருப்பிடிச்சுத்தான் கிடக்கும்."

"கிடக்கட்டும்," என்றாள் அவள். "துருப்பிடிச்சாலும் அது என் அளவுலதான் துருப்பிடிக்கும்."