இருநூறிலேயே நின்ற அகலம்

திரையில் ஒரு வெள்ளைக் கோப்பை. அதன் மேல் யார் வீட்டுக் குழந்தையோ சிரித்துக்கொண்டிருந்தது. அவள் படத்தின் மூலையைப் பிடித்து இழுத்தாள். படம் விரிந்து கோப்பையை நிறைத்தது. வாடிக்கையாளர்கள் தங்கள் படத்தை இப்படித்தான் பொருத்தி ஆர்டர் அனுப்புவார்கள். அந்த இணையப் பக்கத்தை எழுதியவள் அவள். அதே கம்பெனியின் கீழ்த்தளத்தில் அவற்றைக் கோப்பையில் அச்சடிப்பவன் அவள் கணவன்.

வெள்ளிக்கிழமைவரை அச்சடித்தவன். நாற்பது கோப்பைகளில் பதினொன்றில் படம் கட்டைவிரல் அளவுக்கு வந்திருந்தது. மெஷினில் அளவு சரியாக வைக்கவில்லை என்று மேனேஜர் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். திங்கள் காலை பத்து மணிக்கு வந்து விளக்கம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வேலை இல்லை. இன்று ஞாயிறு. கெட்டுப்போன பதினொரு கோப்பைகளும் அட்டைப்பெட்டியில் சாப்பாட்டு மேசைக்கு வந்திருந்தன.

"சின்னதா வருதுன்னு அன்னைக்கே சொன்னேன்," என்றான் அவன், துவைத்த சட்டையை உதறியபடி. "வந்ததை அடி, உனக்கெதுக்கு ஆராய்ச்சின்னாரு."

"மத்த இருபத்தொன்பது மட்டும் எப்படிங்க நல்லா வந்துச்சு?"

"அது தெரிஞ்சா நானே மேனேஜர் ஆயிருப்பேனே."

அவள் நாற்பது ஆர்டர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். இருபத்தொன்பது பேர் 'முழுதாக நிரப்பு' என்ற பட்டனை அழுத்தியிருந்தார்கள். பதினொரு பேர் கையால் இழுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இழுக்கும்போதே படத்தின் அகலம் திரையின் ஓரத்தில் தெரியும்படி நிரலில் ஒரு வரி சேர்த்தாள்.

இருநூறு என்று காட்டியது. இழுத்தாள். இருநூறு. கோப்பையைத் தாண்டி இழுத்தாள். இருநூறு.

அவன் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அருகில் வந்து எட்டிப் பார்த்தான். "உங்க அக்கா வயசு மாதிரில்ல இருக்கு. என்ன ஆனாலும் நகர மாட்டேங்குது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. படத்தை இழுக்கவைக்க அவள் எடுத்துப் பயன்படுத்தியிருந்த, யாரோ எழுதிவைத்த நிரல் தொகுப்பின் கையேட்டைத் திறந்து, சிரித்தபடியே படித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"படத்தை இழுத்தா அதோட அகலம் மாறாதாம். எத்தனை மடங்கு இழுத்தோம்னு தனியா ஒரு எண் வச்சிருக்காம். ரெண்டையும் பெருக்கினாத்தான் உண்மையான அளவு."

"மெஷினுக்கு எது வந்துச்சு?"

"அகலம் மட்டும். பட்டனை அழுத்தினா படத்தையே பெருசா மாத்தி வைக்கிற மாதிரி எழுதியிருந்தேன், அதனால அது தப்பிச்சுது. இழுத்ததுக்கு மட்டும் பெருக்காம விட்டுட்டேன்." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் எழுதின வரிங்க."

அவன் பெட்டியிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து, அந்தக் குட்டி முகத்தைக் கட்டைவிரலால் தேய்த்தான்.

"சரி. காரணம் தெரிஞ்சுபோச்சில்ல. நாளைக்குப் போய்ச் சொல்லிடலாம்."

மறுநாள் மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். அவளைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, அவள் படத்தை இழுக்க இழுக்க எண் அசையாமல் நிற்பதை ஆச்சரியத்தோடு பார்த்தார்.

"அட. சரிபண்ண எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு வரி சார். நேத்தே எழுதிட்டேன்." அவள் அதைச் சேர்த்து, குழந்தை படத்தின் ஆர்டரைக் கீழே மெஷினுக்கு மறுபடி அனுப்பினாள். "அவர் கீழ உக்காந்திருக்கார். வரச் சொல்லட்டுமா?"

அவர் மேசை மேலிருந்த காகிதத்தைத் திருப்பிவைத்தார். "அவன் இடத்துக்கு எட்டு மணிக்கே ஆள் வந்தாச்சும்மா. மெஷின் ஆள் தப்புன்னு முதலாளிக்கு எழுதி அனுப்பியாச்சு. இப்ப மாத்தி எழுதினா உன் பேரை எழுதணும். ரெண்டு பேரும் வீட்டுல உக்காரவா?"

அவள் எழுந்து படியிறங்கினாள்.

அச்சு அறையின் கண்ணாடிக்கு வெளியே அவன் நின்றிருந்தான். அவனுடைய அடையாள அட்டைக்குக் கதவு திறக்கவில்லையாம். வாசலில் 'பார்வையாளர்' என்று எழுதிய வேறொன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தார்கள். உள்ளே புதியவன் மெஷினிலிருந்து சூடான கோப்பையைத் துணியால் பிடித்துத் தூக்கினான். அதே குழந்தை, கோப்பை நிறைய.

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு கைகளையும் அகல விரித்து, சரியான அளவில் வந்துவிட்டது என்று தலையாட்டினான்.