இடது பக்கம் இழுத்த வண்டி

விழித்திரை ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்த அன்று டாக்டர் மூன்று விஷயங்கள் சொன்னார். தலைக்குக் குளிக்கக் கூடாது, கனமானதைத் தூக்கக் கூடாது என்ற இரண்டையும் ராஜாராமன் சுலபமாக ஒப்புக்கொண்டார். மூன்று மாதத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது என்றதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று மனைவி வத்சலாவிடம் சாவியைக் கொடுத்தபோது, பெண்ணைத் தூர தேசத்தில் கட்டிக்கொடுக்கிறவர் போல இருந்தது அவர் முகம்.

வத்சலாவுக்கு ஐம்பத்தேழு வயது. கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்து, டல்ஹௌசி சதுக்கத்தில் ஒரு வங்கியில் சீனியர் மேனேஜராக இருந்தாள். முப்பது வயதில் லைசென்ஸ் வாங்கியவள். வீட்டில் சின்னக் கார் இருந்தவரை அதை நன்றாகத்தான் ஓட்டினாள். அதற்குப் பிறகு இந்தப் பெரிய வண்டி வந்தது. ஏழு பேர் உட்காரலாம், தரையிலிருந்து ஏறுவதற்கே ஒரு படி வேண்டும். வீடு இருக்கும் பவானிபூர் சந்துக்குள் அது நுழைந்தால் எதிரே வரும் ரிக்‌ஷாக்காரர்கள் இறங்கி நின்று வழிவிடுவார்கள். பதினாலு வருஷமாக ராஜாராமனைத் தவிர யாரும் அதன் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கிரேன்களைப் பரிசோதிக்கிற பிரிவில் அதிகாரியாக இருந்து ரிட்டயரானவர் ராஜாராமன். அதனால் யந்திரம் என்றால் தனக்குத் தெரியும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. சனிக்கிழமை காலை வண்டியைக் குளிப்பாட்டி, மெழுகு போட்டுத் துடைத்து, பானெட்டைத் திறந்து ஒவ்வொரு டப்பாவாகப் பார்ப்பார். பிரேக் ஆயில் கோட்டுக்கு ஒரு நூல் கீழே இறங்கியிருந்தாலும் உடனே ஊற்றி நிரப்பிவிடுவார். "பதினாலு வருஷத்துல டேஷ்போர்டுல பிரேக் லைட்டு ஒரு தடவை எரிஞ்சதுண்டா, கேளு" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வார். யாரும் கேட்டதில்லை. அவரே சொல்லிவிடுவதால் கேட்க வேண்டியிருக்கவில்லை.

முதல் நாளே தகராறு வந்துவிட்டது. வத்சலா எல்ஜின் ரோடு சிக்னலில் பிரேக்கை மிதித்தபோது வண்டி லேசாக இடது பக்கம் சாய்ந்து போனது. ஓரத்தில் போன சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார்.

"ஸ்டியரிங்கை எதுக்கு இழுக்கறே?" என்றார் ராஜாராமன்.

"நான் இழுக்கலை. அதுவா போறது."

"வண்டி அதுவா போகாது, வத்சலா. பிரேக்கை மிதிக்கறச்சே உன் கை இடது பக்கம் போறது. சின்னக் கார்ல பழகின கை. இதை அடக்கிப் பிடிக்கணும்."

அவள் அடக்கிப் பிடித்தாள். அடுத்த சிக்னலிலும் வண்டி இடது பக்கம் போனது. அதோடு பெடலை நன்றாக அமுக்க, அது பாதிக்கு மேல் உள்ளே போன பிறகுதான் பிரேக் பிடித்தது. ராஜாராமன் காலின் பலத்தைப் பற்றியும் பெண்களின் செருப்பைப் பற்றியும் சிறிது நேரம் பேசினார். லேக் மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போகும்போதும், கண் டாக்டரிடம் போகும்போதும் அதே பேச்சுத்தான். மூன்றாவது வாரத்தில் வத்சலாவுக்கே தன் கைமேல் சந்தேகம் வந்துவிட்டது. வங்கியில் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது கோடு இடது பக்கம் போகிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

கடைசியில் வீட்டில் சொல்லாமல் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். மிதாலி என்ற நாற்பது வயது வங்காளிப் பெண்தான் சொல்லிக்கொடுக்கிறவள். அக்கா என்பதற்கு அவர்கள் வழக்கப்படி வத்சலாவைத் திதி என்று கூப்பிட்டாள். இரண்டு வகுப்பு ஸ்கூல் காரில் நடந்தது. மூன்றாவது நாள், "திதி, உங்களுக்குச் சொல்லித்தர எங்கிட்ட எதுவும் இல்லை. உங்க வண்டியைக் கொண்டு வாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ரெட் ரோடில் ஆள் நடமாட்டம் குறைவு. மிதாலி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நாற்பதில் போகச் சொன்னாள். பிறகு ஸ்டியரிங்கைப் பிடிக்காமல் விரலால் சும்மா தொட்டுக்கொண்டு பிரேக்கை மிதிக்கச் சொன்னாள். யாரும் இழுக்காமலே வண்டி இடது ஓரத்தை நோக்கிப் போய், புல்லுக்குப் பக்கத்தில் நின்றது.

"ஒரு காலத்துல ஓட்டுப் போடுறப்போ இந்த ஊரே லெஃப்ட் பக்கம்தான் இழுத்தது" என்றாள் மிதாலி. "இப்போ உங்க வண்டி மட்டும்தான் பாக்கி. இது உங்க கை இல்லை திதி, பிரேக்கு. இதை வெச்சுக்கிட்டு நீங்க எப்படி இத்தனை நாள் யாரையும் இடிக்காம ஓட்டினீங்கங்கறதுதான் எனக்கு ஆச்சரியம்."

வத்சலா அன்று மத்தியானம் சாப்பாட்டின்போது மெதுவாகப் பேச்சை எடுத்தாள். மெக்கானிக்கிடம் ஒரு தடவை காட்டலாமே என்றாள்.

"என்னத்தைக் காட்டறது? ஆயில் கோட்டுக்குச் சரியா நிக்கறது. நேத்திக்குத்தான் பார்த்தேன். லைட்டு எரியலை. பிரேக்குல கோளாறுன்னா முதல்ல லைட்டு எரியும். அதுக்குத்தான் லைட்டு வெச்சிருக்கான்." ரசத்தை ஊற்றிக்கொண்டு முடிவாகச் சொன்னார்: "இந்த ஊர் மெக்கானிக் கையில குடுத்தா, நல்லா இருக்கற வண்டியைக் கெடுத்து அனுப்புவான்."

அதற்கு அடுத்த வாரம் அவர் அக்கா பேரனின் பூணூலுக்காக ரயிலில் சென்னை போனார். போகும்போது வண்டியை வெளியே எடுக்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். வத்சலா சரி என்று ஒரு தடவை சொன்னாள். மறுநாள் காலை லீவு போட்டுவிட்டு, இருபது கிலோமீட்டர் வேகத்தில், ஓரமாகவே வண்டியை ஓட்டிக்கொண்டு கிடர்பூருக்குப் போனாள்.

அங்கே பிரிட்டோ என்பவரின் பட்டறையை மிதாலிதான் சொல்லியிருந்தாள். பிரிட்டோவின் அப்பா தூத்துக்குடியிலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். மகன் லாரிகளுக்கும் பெரிய வண்டிகளுக்கும் பிரேக் வேலை மட்டும் பார்க்கிறார். வத்சலா தமிழ் பேசியதும் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்கக்கா. சார் நல்லா தொடச்சு வெச்சிருக்காரே வண்டிய. முகம் பாக்கலாம் போலிருக்கு."

முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றினார். இடது பக்கத்தைப் பார்த்தார், வலது பக்கத்தைப் பார்த்தார், மறுபடி இடது பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"இங்க வந்து பாருங்கக்கா. சக்கரத்தோட சுத்துற இந்தத் தட்டுதான் டிஸ்க்கு. ரெண்டு பக்கமும் ரெண்டு பேடு இருந்து இதைக் கவ்விப் பிடிக்கும். கவ்வுறதுக்கு இந்த காலிப்பர் ரெண்டு பின்னு மேல முன்னும் பின்னும் நகரணும். வலது பக்கம் பின்னு துருப்பிடிச்சு இறுகிப் போச்சு, நகரவே மாட்டேங்குது. பேருக்குப் பிடிக்குது. அந்த வேலையும் சேத்து இடது பக்கமே பாத்திருக்கு. அதான் அந்தப் பக்கம் இழுக்குது. கொஞ்சம் கொஞ்சமா வந்ததால சாருக்குக் கை பழகிப்போயிருக்கும். பேடு தேஞ்சு அட்டையாட்டம் ஆயிருச்சு பாருங்க."

"அந்தப் பின்னு எதனால இறுகித்து?"

"இந்த ஊருல வேற எதனால? மழைத்தண்ணி. முட்டளவு தண்ணியில வண்டியை விட்டா உள்ள இருக்கற கிரீஸ் எல்லாம் போயிரும்."

வத்சலாவுக்கு அந்த மழை ஞாபகம் வந்தது. தெருவெல்லாம் ஆறாக ஓடிய அன்று ராஜாராமன் மட்டும்தான் வண்டியை எடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர்களை மூன்று நடையாக மெட்ரோ ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டார். பல வருஷம் அவர் அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

"ஆனா பேடு இப்படித் தேஞ்சா லைட்டு எரிஞ்சிருக்கணுமே" என்றாள்.

பிரிட்டோ கையைத் துடைத்துக்கொண்டார். "அந்த லைட்டு பேடைப் பாக்காதுக்கா, டப்பாவுல ஆயில் இறங்குறதைத்தான் பாக்கும். பேடு தேயத் தேய ஆயில் கீழ இறங்கும். ரொம்ப இறங்கினா, என்னைக் கவனின்னு லைட்டு எரியும். இறங்க இறங்க யாராச்சும் ஊத்திட்டே இருந்தா அது எங்க எரியிறது?"

பிரிட்டோ புதுப் பேடு மாட்டுவதற்காகக் காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளினார். தள்ளத் தள்ள, மேலே பானெட்டுக்குள் டப்பா நிறைந்து, காப்பி டிகாக்ஷன் நிறத்தில் ஆயில் வழிந்தது.

"எத்தனை வருஷத்து ஆயில் இது?"

"மாத்தினதா எனக்கு நினைவில்லை. ஊத்தறதுதான்."

"ஊத்துறது வேற, மாத்துறது வேற. இது காத்துல இருக்கற ஈரத்தைக் குடிக்கும்க்கா. அப்புறம் ஒரு நீள இறக்கத்துல பிரேக்கை மிதிச்சிட்டே வந்தா, சூட்டுல அந்தத் தண்ணி ஆவியாயிரும். ஆவியைப் போய் மிதிச்சா வண்டி நிக்குமா? ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தத்தையும் மாத்தணும்."

சாயங்காலம் வரை வேலை நடந்தது. பின்களைப் புதிதாகப் போட்டு, பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி, குழாயில் இருந்த காற்றை எடுத்து, பின் சக்கர டிரம்களில் பத்து வருஷத் தூசியைத் தட்டினார். திரும்பி வரும்போது எல்ஜின் ரோடு சிக்னலில் வத்சலா பெடலைப் பழகிய அழுத்தத்தில் மிதித்தாள். வண்டி ஆணி அடித்தது போல நேராக நின்றது. அவள் மடியிலிருந்த கைப்பை கீழே விழுந்தது. அவளுக்குத் தனியாகச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது. அத்தனை வாரமும் தன் கையைச் சந்தேகப்பட்டதை நினைத்துத்தான்.

ஹவுரா ஸ்டேஷனுக்கு ராஜாராமனை அழைத்துவரப் போனபோது எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தாள். திரும்பும்போது ஹவுரா பாலத்தில் ஒரு மினிபஸ் ஆள் ஏற்றுவதற்காக முன்னறிவிப்பில்லாமல் நின்றது. வத்சலா பிரேக்கைத் தொட்டாள். பஸ்ஸுக்கு நான்கடி பின்னால், நூல் பிடித்தது போல வண்டி நின்றது.

ராஜாராமன் திருப்தியாகத் தலையாட்டினார். "பார்த்தியா? கையை அடக்கிப் பிடிச்சே, வண்டி நேரா நிக்கறது. நான் சொன்னதைக் கேட்டிருக்கே. மெயின்டெனன்ஸ் மட்டும் சரியா இருந்தா வண்டி நம்மைக் காட்டிக்குடுக்காது."

வத்சலா சொல்ல வந்ததை விழுங்கினாள். இவ்வளவு சந்தோஷமாக இருக்கிற மனிதரை எங்கிருந்து ஆரம்பித்துக் கலைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருநாள் பொறுத்துச் சொல்லலாம் என்று தள்ளினாள். அந்த ஒருநாள் ஐந்து வாரமாயிற்று.

மூன்று மாதம் முடிந்து டாக்டர் ஓட்டலாம் என்றார். ஆஸ்பத்திரி வாசலிலேயே ராஜாராமன் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"பிரேக்கை மெதுவா மிதியுங்கோ" என்றாள் வத்சலா.

"எனக்கா சொல்றே?"

ஹாஸ்ரா முனைக்கு வரும்போது சிக்னல் மஞ்சளாயிற்று. பல வருஷமாக அந்த வண்டியை நிறுத்த எவ்வளவு பலம் வேண்டுமோ அவ்வளவையும் காலில் கொண்டுவந்து ராஜாராமன் பிரேக்கை மிதித்தார். வண்டி அங்கேயே நின்றது. ஒரு விநாடி கழித்துப் பின்னால் வந்த மஞ்சள் டாக்சி வந்து மோதியது. யாருக்கும் அடி இல்லை. டாக்சியின் மூக்கு நசுங்கியது, இவர்கள் பின்கதவு குழிந்தது.

டாக்சி டிரைவர் வயதானவர். இறங்கி வந்து தன் பானெட்டைப் பார்த்தார், ராஜாராமனைப் பார்த்தார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது.

"அண்ணா, இவ்வளவு பழைய வண்டி. இது இப்படி நிக்கும்னு நான் எப்படி எதிர்பார்ப்பேன்?" என்று வங்காளத்தில் கேட்டார்.

போலீஸ்காரர் வந்து, எழுதிக்கொண்டு, போகலாம் என்றதும் ராஜாராமன் வண்டிக்குள் வந்து உட்கார்ந்தார். "நான் எப்பவும் மிதிக்கற மாதிரிதான் மிதிச்சேன். என்ன ஆச்சு இதுக்கு?"

"நன்னாயிடுத்து" என்றாள் வத்சலா. பிறகு ரெட் ரோடிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். லைட்டு ஏன் எரியவில்லை என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ வண்டியைக் கிளப்பி, "அந்த மனுஷன் எங்கே இருக்கார்?" என்று மட்டும் கேட்டார்.

பிரிட்டோவின் பட்டறையில் குழிந்த கதவைப் பற்றி அவர் பேசவே இல்லை. காலிப்பர் பின்கள் எப்படி நகரும், ஆயில் எத்தனை நாளில் கறுக்கும் என்று துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டரை விசாரிப்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டார். பிரிட்டோ சலிக்காமல் சொன்னார். எல்லாம் கேட்டு முடிந்ததும், "பதினாலு வருஷம் நான் ஊத்தினேனே. ஊத்தாம சும்மா இருந்திருந்தா நன்னா இருந்திருக்குமா?" என்றார்.

பிரிட்டோ தயங்கி வத்சலாவைப் பார்த்தார். "ஆமா சார். ஒண்ணும் செய்யாம இருந்திருந்தா லைட்டு எரிஞ்சிருக்கும். நீங்களும் அப்பவே வந்திருப்பீங்க."

ராஜாராமன் தலையை ஆட்டிக்கொண்டார். வெளியே வந்து, சாவியை வத்சலாவிடம் நீட்டினார்.

"நீயே ஓட்டு. என் காலுக்கு இந்தப் பிரேக் இன்னும் பழகலை."

மன்னிப்பு என்று அவர் தனியாக எதுவும் கேட்கவில்லை. கல்யாணமான முப்பத்தோரு வருஷத்தில் கேட்டதும் இல்லை. வத்சலா ஏறி உட்கார்ந்து, வீட்டுப் பக்கம் திருப்பாமல் இரண்டாவது ஹூக்ளி பாலத்தின் மேல் ஏற்றினாள். அதில் அவள் இதுவரை ஓட்டியதில்லை.

"எங்கே போறே?"

"சும்மாத்தான்."

உச்சியில் காற்று அடித்தது. கீழே படகுகள் சின்னதாகத் தெரிந்தன. எதிர்ப்பக்க இறக்கம் ஆரம்பித்ததும் ராஜாராமன் தொண்டையைச் செருமினார். எதுவும் சொல்லக் கூடாது என்று அவர் முயல்வது தெரிந்தது. அரை நிமிஷம் முயன்றார்.

"இறக்கம் முழுக்க பிரேக்கையே மிதிச்சுண்டு போகாதே. மூணாவது கியர்ல போடு. இஞ்சினே பிடிச்சுக்கும்."

அந்த யோசனை சரியானதுதான். வத்சலா கியரை மாற்றினாள். வண்டி நேராக, நிதானமாக, ஹவுரா பக்கம் இறங்கியது.